வரிக்கு உத்தியோகஸ்தர், லீவுக்கு முதலாளி!

2021-ஆம் வருஷம் கார்த்திகை மாதத்தில் கும்பகோணத்திலிருந்து நமது பழைய சிநேகிதர் ஒருவர் வந்திருந்தார். வந்த காரியம் பிள்ளையின் கல்யாணம். பிள்ளை இங்கிலாந்தில், லண்டனுக்கு மேற்கே ரெடிங் என்னும் ஊரில், கம்ப்யூட்டர் என்ஜினீயராக இருந்து வந்தான். படிப்புக்குக் குறைவில்லை, வருமானத்துக்கும் குறைவில்லை. அந்த நாட்டில் நிரந்தரமாக வசிப்பதற்கு அனுமதியும் கிடைத்திருந்தது. ஜாதகமும் பொருந்திவிட்டது. ஆனால் பெண் வீட்டார் கேட்ட ஒரு சின்னக் கேள்வியில் காரியம் முட்டிக்கொண்டு நின்றது. "பையன் மாதச் சம்பளத்தில் இருக்கிறாரா, சொந்தத் தொழில் செய்கிறாரா?" என்பதுதான் கேள்வி.

சிநேகிதர் பிள்ளையை டெலிபோனில் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். "அப்பா! வரி இலாகாவைக் கேட்டால் நான் சம்பளக்காரன். நான் தினம் போய் வேலை செய்கிற கம்பெனியைக் கேட்டால் சொந்தத் தொழில் நடத்துகிறவன். எது நன்றாயிருக்கிறதோ அதை எழுதிக் கொடுங்கள்" என்று பதில் வந்ததாம்.

"இது என்ன ஸார் பேச்சு? எதையோ மறைக்கிறான். வேலை போய்விட்டதோ என்னமோ! நீங்கள் கொஞ்சம் பேசிப் பாருங்கள்" என்று சொல்லி டெலிபோனை நம் கையில் கொடுத்துவிட்டார்.

நாமும் பேசிப் பார்த்தோம். முக்கால் மணி நேரம் பேசிய பிறகு, பையன் ஒன்றையும் மறைக்கவில்லை என்பது தெளிவாயிற்று. அவன் சொன்னது அக்ஷரம் அக்ஷரமாக உண்மை. அந்தத் தேசத்துச் சட்டமே ஒரு மனிதனுக்கு இரண்டு முகம் வைத்திருக்கிறது. வரி வாங்குவதற்கு ஒரு முகம், உரிமை கேட்டு வரும்போது காட்டுவதற்கு இன்னொரு முகம். இந்த விநோதம் எப்படி உண்டாயிற்று என்பதை அன்று முதல் நாம் விசாரித்து வருகிறோம். அதைத்தான் இங்கே நேயர்களுக்குச் சொல்ல உத்தேசம்.

முதலில் நம் வீட்டுச் சமையற்கட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். வீட்டோடு இருக்கும் சமையற்காரர் ஒருவர். கல்யாணத்துக்குக் காண்டிராக்ட் எடுத்துச் சமைக்கிறவர் இன்னொருவர். இருவரும் சமைக்கிறார்கள். ஆனால் இருவரும் ஒன்றல்ல என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். வீட்டுச் சமையற்காரருக்கு இன்று வற்றல் குழம்பா, மோர்க் குழம்பா என்று வீட்டு அம்மாள் உத்தரவு போடுகிறாள். அவருக்கு உடம்பு சரியில்லையென்றால் மைத்துனனைத் தம் இஷ்டப்படி அனுப்பிவிட முடியாது. ஏகாதசியன்று அடுப்பே மூட்டாவிட்டாலும் மாதச் சம்பளம் உண்டு. காண்டிராக்ட்காரரோ, "இத்தனை இலை, இன்னின்ன பட்சணம், இவ்வளவு ரூபாய்" என்று பேசி முடிக்கிறார். ஆட்களும் அண்டாக்களும் அவருடையவை. பாயசம் அடிப்பிடித்தால் நஷ்டமும் அவருடையதே. முகூர்த்தம் முடிந்தால் அவருக்கும் நமக்கும் சம்பந்தம் தீர்ந்தது.

பிரிட்டிஷ் நீதிபதிகள் வெகுகாலமாகக் கேட்டு வருவதும் ஏறக்குறைய இதே கேள்விகள்தாம். அந்த ஆள் தானே வந்து வேலை செய்ய வேண்டுமா, பதில் ஆளை அனுப்பலாமா? எப்படிச் செய்ய வேண்டும் என்று அவருக்கு உத்தரவு போடுகிற அதிகாரம் யாருக்கு? வேலை கொடுத்தே தீர வேண்டும், செய்தே தீர வேண்டும் என்ற பரஸ்பரக் கடமை இருக்கிறதா? 1967-ஆம் வருஷக் கடைசியில் மக்கென்னா என்ற நீதிபதி தீர்த்து வைத்த 'ரெடி மிக்ஸ்ட் காங்க்ரீட்' வழக்கு இந்த விஷயத்தில் இன்றளவும் வேத வாக்கியம். அந்த வழக்கில் லாரி ஓட்டியவர் கம்பெனியின் சீருடை அணிந்தார். லாரிக்கும் கம்பெனியின் வர்ணமே பூசியிருந்தது. ஆனாலும் லாரி அவருடையது. பராமரிப்புச் செலவு அவருடையது. தமக்குப் பதிலாக வேறொரு டிரைவரை அமர்த்தவும் அவருக்கு அதிகாரம் இருந்தது. ஆகவே அவர் சம்பளக்காரர் அல்ல, சிறு வியாபாரி என்று தீர்ப்பாயிற்று. அந்த வழக்கும் தேசிய இன்ஷ்யூரன்ஸ் சந்தாவைப் பற்றித்தான் எழுந்தது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். 'இவன் யாருடைய ஆள்?' என்ற கேள்வியை அந்நாட்டில் பெரும்பாலும் கேட்டு வந்திருப்பது வரியும் சந்தாவும் வசூலிக்கிற சர்க்கார்தான்.

சரி, வீட்டுச் சமையற்காரர் ஒரு நாள் "ராமையர் சமையல் கம்பெனி, லிமிடெட்" என்று பெயர்ப் பலகை எழுதி மாட்டிக்கொண்டு, அதே அடுப்பில், அதே அம்மாளின் உத்தரவுப்படி, அதே மோர்க் குழம்பைக் காய்ச்சினால்? சிரிப்பு வருகிறதல்லவா? இங்கிலாந்தில் இதையே லட்சக் கணக்கானவர்கள் செய்தார்கள். செய்யும்படி அவர்களைத் தள்ளியதும் ஒரு வரிச் சட்டந்தான்.

1975-ஆம் வருஷத்தில் அந்நாட்டுப் பார்லிமெண்டு, ஏஜென்ஸி மூலமாக வேலைக்குப் போகிறவர்களை வரி விஷயத்தில் சம்பளக்காரர்களாகவே நடத்த வேண்டும் என்று விதித்தது. ஆனால் லிமிடெட் கம்பெனி வைத்துக்கொண்டு அதன் பெயரில் வருகிறவர்களை அந்த விதி தொடவில்லை. ஏஜென்ஸிகள் உடனே, "ஒரு கம்பெனியைப் பதிவு செய்துகொண்டு வாரும், அப்புறம் வேலையைப் பற்றிப் பேசலாம்" என்று சொல்லத் தொடங்கின. கம்ப்யூட்டர் தொழில் பெருகியபோது இந்த வழக்கமும் கூடவே பெருகிற்று. டைரக்டரும் அவரே, பங்குதாரரும் அவரே, சிப்பந்தியும் அவரே! ஒற்றை ஆள் கம்பெனி.

இதில் ஆதாயம் இருந்தது என்பதில் சந்தேகமில்லை. கம்பெனியிலிருந்து சொற்பத் தொகையைச் சம்பளமாகவும் பாக்கியை லாப ஈவாகவும் எடுத்துக்கொண்டால், ஈவுக்கு இன்ஷ்யூரன்ஸ் சந்தா கிடையாது. ஆனால் இதைவிடப் பெரிய ஆதாயம் யாருக்கு என்றால், வேலை வாங்குகிற பெரிய கம்பெனிக்கு. முதலாளி கட்ட வேண்டிய சந்தா மிச்சம். லீவுச் சம்பளம் மிச்சம். ஆளை அனுப்பிவிட வேண்டுமென்றால் நஷ்ட ஈடும் கிடையாது, காரணமும் சொல்ல வேண்டியதில்லை. வரி ஏய்ப்பு என்று பத்திரிகைகள் எழுதும்போதெல்லாம் இந்த ஒற்றை ஆள் டைரக்டரின் படத்தைத்தான் போடுவது வழக்கம். மிச்சப்பட்ட பணத்தின் மற்றப் பாதி எந்தப் பெட்டிக்குப் போயிற்று என்று கேட்டவர்கள் சொற்பம்.

1999-ஆம் வருஷம் மார்ச்சு 9-ந் தேதி நிதி மந்திரி கார்டன் பிரவுன் தமது பட்ஜெட்டைச் சமர்ப்பித்தார். அன்று வரி இலாகா வெளியிட்ட அறிக்கைகளில் 35-ஆம் இலக்கமுள்ளது இந்த விஷயத்தைப் பற்றியது. வெள்ளிக்கிழமை மாலையில் வேலையை ராஜினாமாச் செய்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் அதே மேஜைக்கு ஒரு கம்பெனியின் பெயரில் திரும்பி வருகிற வித்தையை ஒழிக்கப் போவதாக அதில் கண்டிருந்தது. அறிக்கையின் இலக்கமே சட்டத்துக்குப் பெயராகிவிட்டது. 'ஐ.ஆர். 35' என்றால் அங்கே ஒப்பந்த வேலைக்காரர்களின் வீட்டில் குழந்தைகள்கூடப் பயப்படும் என்று நமது சிநேகிதரின் பிள்ளை சொன்னான்.

2000-ஆம் வருஷம் ஏப்ரலில் அமலுக்கு வந்த அந்தச் சட்டத்தின் சாரம் ஒரு பாவனைதான். நடுவில் உள்ள ஒற்றை ஆள் கம்பெனி இல்லையென்று பாவித்துக்கொள். வேலை செய்கிறவரும் வேலை வாங்குகிறவரும் நேரே ஒப்பந்தம் செய்துகொண்டதாகப் பாவித்துக்கொள். அப்படியானால் அது சம்பள உத்தியோகமாக இருக்குமா என்று பார். இருக்குமானால் சம்பளக்காரரைப் போல் வரியும் சந்தாவும் கட்டு! பாவித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவரும் அந்த ஒற்றை ஆளே. தம் வழக்குக்குத் தாமே நீதிபதியானால் தீர்ப்பு எப்படியிருக்கும்? பத்தில் ஒருவர்தான் சரியாகக் கட்டுகிறார் என்று பிற்பாடு இலாகா மதிப்பிட்டது.

ஆகவே நீதிபதியை மாற்றினார்கள். 2017-ஆம் வருஷம் ஏப்ரல் 6-ந் தேதி முதல், சர்க்கார் இலாகாக்கள், ஆஸ்பத்திரிகள் போன்ற பொது ஸ்தாபனங்களில் வேலை வாங்குகிறவரே இந்த நிர்ணயத்தைச் செய்ய வேண்டும் என்றாயிற்று. தனியார் துறைக்கு 2020 ஏப்ரலில் வருவதாக இருந்த விதி, கொரோனா நோயினால் ஒரு வருஷம் தள்ளிப்போய் 2021 ஏப்ரல் 6-ந் தேதி வந்தது. சிறு கம்பெனிகளுக்கு மட்டும் விலக்கு. தப்பாக நிர்ணயித்தால் வரிப் பாக்கி வேலை வாங்கியவரின் தலையில், அல்லது பணம் பட்டுவாடா செய்த ஏஜென்ஸியின் தலையில் விழும்.

தலையில் விழும் என்று தெரிந்ததும் பெரிய கம்பெனிகள் என்ன செய்யும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. ஆளுக்கு ஆள் ஆராய்ந்து பார்ப்பதற்கு அவகாசம் ஏது? "எங்களிடம் உள்ள ஒப்பந்தக்காரர்கள் எல்லோரும் வரிக்குச் சம்பளக்காரர்களே" என்று மொத்தமாகத் தீர்ப்பளித்தவர்கள் சிலர். "ஒற்றை ஆள் கம்பெனிகளே இனி வேண்டாம்" என்று கதவைச் சாத்தியவர்கள், முக்கியமாகப் பெரிய பாங்குகள், பலர். வரி இலாகா இதற்கென்று ஒரு கம்ப்யூட்டர் வினாத்தாளையும் தயார் செய்திருந்தது. கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொன்னால் ஆசாமி யார் என்று அது சொல்லிவிடுமாம். சுமார் ஐந்தில் ஒரு பங்கு சந்தர்ப்பங்களில் 'நிச்சயிக்க முடியவில்லை' என்று அதுவே கையை விரித்துவிட்டது.

நமது சிநேகிதரின் பிள்ளைக்கும் ஒரு நிர்ணயக் கடிதம் வந்தது. "ஒரு பக்கந்தான் மாமா. என்னோடு கூட முப்பது பேருக்கு வந்த கடிதத்தில் பெயர் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றே" என்றான். ஆட்சேபிக்கலாம் என்று சட்டம் சொல்லுகிறது. 45 நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொல்லுகிறது. ஆட்சேபத்தை விசாரிக்கிறவர் யார்? கடிதத்தை அனுப்பிய அதே கம்பெனி! பையன் ஆட்சேபித்தான். 43-ஆவது நாள், நிர்ணயத்தை மாற்றுவதற்குக் காரணம் காணவில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

அதுவரையில் நாம் கேட்டுக்கொண்டிருந்ததில் நமக்கு விசேஷமாக ஒன்றும் படவில்லை. அடுத்தாற்போல் நாம் ஒரு பாமரக் கேள்வி கேட்டோம். "சரி அப்பா, வரி அதிகமாயிற்று. வாஸ்தவம். ஆனால் சம்பளக்காரன் என்று அவர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்களே! இனிமேல் லீவு, நஷ்ட ஈடு எல்லாம் கிடைக்குமல்லவா?"

டெலிபோனில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அந்த நாட்டுச் சட்டப்படி, சம்பளத்துக்கு உழைக்கிற எவருக்கும் வருஷத்தில் 5.6 வாரம் சம்பளத்தோடு லீவு உண்டு; வாரத்தில் ஐந்து நாள் வேலை என்றால் 28 நாள். நோய்க் காலத்தில் ஊதியம் உண்டு. போதிய காலம் உழைத்தவரைத் தகுந்த காரணமின்றி நீக்க முடியாது. ஆட்குறைப்பு என்றால் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். 'வரிக்குச் சம்பளக்காரர்' என்று நிர்ணயிக்கப்பட்டவருக்கு, அந்த நிர்ணயத்தால் இவற்றில் ஒன்றும் கிடையாது. பாவனை வரிக்கு மாத்திரம்! வரி இலாகா பார்க்கும்போது நடுவிலுள்ள கம்பெனி கண்ணாடியைப் போல் மறைந்துவிடுகிறது. தொழிலாளர் டிரிபியூனலின் வாசலில் அதே கம்பெனி செங்கல் சுவராக எழுந்து நிற்கிறது. "உமக்கும் வேலை வாங்கியவருக்கும் ஒப்பந்தம் எங்கே? உம் கம்பெனியோடல்லவா ஒப்பந்தம்?" என்று வக்கீல் கேட்பார். சுவரை இடித்துக் காட்ட முடியாது என்பதில்லை. ஆனால் இடிக்கிற பொறுப்பும் செலவும் தனி மனிதருடையவை.

2022 ஜனவரியில் பையனுக்கு நுரையீரல் காய்ச்சல் கண்டு பதினேழு நாள் படுக்கையில் கிடந்தான். "எனக்கு நோய்க்கால ஊதியம் கொடுக்க வேண்டியவர் யார் என்று விசாரித்தேன் மாமா. என் சொந்தக் கம்பெனியின் டைரக்டராம். அதாவது நான்தான்! நானே எனக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, நானே அதைப் பரிசீலித்துப் பார்த்தேன். கஜானா காலி" என்று எழுதியிருந்தான். வேடிக்கையாகத்தான் எழுதியிருந்தான். ஆனால் அந்தப் பதினேழு நாளில் வாடகைக்கும் மருந்துக்கும் தகப்பனார் கும்பகோணத்திலிருந்து பணம் அனுப்ப நேர்ந்தது. பிள்ளை இங்கிலாந்துக்குப் போன பிறகு பணம் அந்தத் திக்கில் பயணம் செய்தது அதுவே முதல் தடவை.

இந்த இரட்டை முகம் எப்படி நிலைத்தது? வரிச் சட்டம் மனிதர்களை இரண்டு ஜாதியாகப் பிரிக்கிறது: சம்பளக்காரர், சொந்தத் தொழில்காரர். தொழிலாளர் சட்டமோ மூன்றாகப் பிரிக்கிறது. முழுச் சம்பளக்காரர் ஒரு கோடியில். சொந்தத் தொழில்காரர் மறு கோடியில். நடுவில் 'உழைப்பாளி' என்று ஒரு வகுப்பு. அந்த நடு வகுப்பாருக்கு லீவும் குறைந்தபட்சக் கூலியும் உண்டு. வேலை நீக்கத்துக்குப் பாதுகாப்புக் கிடையாது. இரண்டு சட்டங்களையும் இரண்டு வெவ்வேறு கோர்ட்டுகள் விசாரிக்கின்றன. ஒன்றின் தீர்ப்பு மற்றதைக் கட்டுப்படுத்தாது.

இதன் விபரீதம் 2021-ஆம் வருஷத்திலேயே பளிச்சென்று வெளியாயிற்று. அவ்வருஷம் பிப்ரவரி 19-ந் தேதி அந்நாட்டு ஸுப்ரீம் கோர்ட்டு, ஊபர் கம்பெனியின் வாடகைக் கார் ஓட்டிகள் 'உழைப்பாளி' வகுப்பைச் சேர்ந்தவர்களே என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. ஒப்பந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்காமல், எளியவரைப் பாதுகாப்பதற்கென்று ஏற்பட்ட சட்டத்தின் நோக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று நீதிபதி லெகட் பிரபு எழுதினார். அந்த டிரைவர்களுக்கு லீவுச் சம்பளம் உண்டாயிற்று. வரி விஷயத்தில் அவர்கள் சொந்தத் தொழில்காரர்களாகவே இருந்து வந்தார்கள். அதற்குப் பிறகு 46-ஆவது நாள், ஏப்ரல் 6-ந் தேதி, நமது கும்பகோணத்துப் பிள்ளையைப் போன்றவர்கள் வரிக்குச் சம்பளக்காரர்கள் ஆனார்கள். உரிமைக்குச் சொந்தத் தொழில்காரர்களாக நின்றார்கள். ஒரே தேசம், ஒரே வருஷம். டிரைவருக்கு நேர்ந்ததைத் தலைகீழாகப் பிடித்தால் என்ஜினீயருக்கு நேர்ந்தது!

வரி இலாகாவின் பக்கத்திலும் நியாயம் உண்டு என்பதை மறுக்க நாம் தயாராயில்லை. ஒரே அறையில், ஒரே மேஜைக்கு இருபுறமும் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்கிற இருவரில் ஒருவர் நிறைய வரி கட்ட, மற்றவர் பெயர்ப் பலகையின் தயவால் குறைவாகக் கட்டினால், அது நியாயமாகாது. ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் அந்த வரியில்தான் நடக்கின்றன. நமது பையனும் இதை ஒப்புக்கொண்டான். "நானாகத்தான் மாமா காண்டிராக்டுக்குப் போனேன். லீவு வேண்டாம், கூலி அதிகம் போதும் என்று கணக்குப் போட்டேன். அது பேரம். இப்போது பேரத்தில் என் பங்கை மட்டும் வாங்கிக்கொண்டு, அவர்கள் பங்கைக் கொடுக்கவில்லை" என்றான். நமக்கு இந்த வாதத்துக்குப் பதில் தெரியவில்லை. மேஜைக்கு இருபுறமும் வரி சமமாக வேண்டுமென்றால், லீவும் சமமாக வேண்டாமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் நாம் மட்டுமல்ல. 2017 ஜூலையில் சர்க்கார் நியமித்த மாத்யூ டெய்லர் என்பவர் நவீன உத்தியோக முறைகளைப் பற்றி ஓர் அறிக்கை சமர்ப்பித்தார். வரிக்கும் உரிமைக்கும் உள்ள இரண்டு அளவுகோல்களையும் கூடியவரையில் ஒன்றாகக் கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய சிபார்சு. 2020 ஏப்ரலில் பிரபுக்கள் சபையின் ஒரு கமிட்டி இன்னும் காரமாகவே எழுதிற்று. இந்தச் சட்டம் ஒருநாளும் திருப்தியாக நடந்ததில்லையென்றும், உரிமையே இல்லாத சம்பளக்காரர்கள் என்று ஒரு வகுப்பை இது உண்டாக்குகிறதென்றும் சொல்லிற்று. சர்க்கார் ஆலோசித்தது. ஐந்து வருஷம் ஆலோசித்து, 2022 ஜூலையில், சட்டம் செய்வதற்கு இது சமயமல்ல என்று சொல்லி, விளக்கத் துண்டுப் பிரசுரங்களை வெளியிட்டது!

அவ்வருஷத்திலேயே ஒரு தமாஷும் நடந்தது. செப்டம்பர் 23-ந் தேதி நிதி மந்திரி குவாஸி குவார்ட்டெங், 2017, 2021-ஆம் வருஷத்து மாறுதல்களை ரத்து செய்யப்போவதாக அறிவித்தார். அக்டோபர் 17-ந் தேதி, அவருக்குப் பின் வந்த ஜெரமி ஹண்ட், ரத்து செய்யப்போவதை ரத்து செய்தார். இருபத்துநான்கு நாள் சந்தோஷம்.

சட்டம் செய்த சர்க்காருக்காவது அது புரிந்ததா என்றால், அதுவும் சந்தேகமே. பொது ஸ்தாபனங்களே நிர்ணயத்தைத் தப்பாகச் செய்து வரிப் பாக்கி விழுந்த விவரத்தை அந்நாட்டுத் தணிக்கை ஸ்தாபனம் 2022 பிப்ரவரியில் வெளியிட்டது. 2020–21 கணக்கில் மத்திய சர்க்கார் இலாகாக்கள் கட்ட வேண்டியதாகக் கண்ட தொகை 26 கோடியே 30 லட்சம் பவுன். இதில் உத்தியோகமும் பென்ஷனும் சம்பந்தமான இலாகாவின் பாக்கி மட்டும் 8 கோடியே 79 லட்சம் பவுன். உத்தியோகம் எது என்று உத்தியோக இலாகாவுக்கே தெரியவில்லை! சர்க்கார் தன் வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றிக்கொண்டது, பெரிய நஷ்டமில்லை. ஆனால் அந்தத் தப்புக்குப் பயந்து, மறு வருஷம் அந்த இலாகாக்களில் சந்தேகத்துக்கு இடமுள்ள ஒப்பந்தக்காரர்களை எந்தப் பக்கம் தள்ளியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

வரி இலாகாவின் வீட்டிலேயே ஒரு வழக்கு நடந்தது. அந்த இலாகாவின் காரியாலயத்தில் ஏஜென்ஸிகள் மூலமாக வேலை செய்து வந்த ஒரு பெண்மணியை, 2017 மாறுதலுக்குப் பிறகு, வரிக்குச் சம்பளக்காரர் என்று நிர்ணயித்தார்கள். "அப்படியானால் லீவுச் சம்பளம் எங்கே?" என்று அவர் டிரிபியூனலுக்குப் போனார். 2018-இல், தீர்ப்புச் சொல்லப்படுமுன், நடுவிலிருந்த ஸ்தாபனம் ஒன்று 4,200 பவுன் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. பணம் வந்ததில் நமக்குச் சந்தோஷமே. தீர்ப்பு வராமற் போனதில் வருத்தம். தீர்ப்பு வந்திருந்தால் அடுத்தவர்கள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள்.

கோர்ட்டுக்குப் போவது எவ்வளவு லேசு என்பதற்கு ரேடியோவில் நிகழ்ச்சி நடத்தும் கே ஆடம்ஸ் என்னும் பெண்மணியின் வழக்கே சாட்சி. அவர் பி.பி.ஸி.யின் சம்பளக்காரரா, சொந்தத் தொழில்காரரா என்பதே கேள்வி. 2019-இல் முதல் டிரிபியூனல் அவர் பக்கம் தீர்த்தது. இலாகா மேலே போயிற்று. மேல் டிரிபியூனல் 2021-இல் அதையே உறுதி செய்தது. இலாகா இன்னும் மேலே போயிற்று. 2022-இல் அப்பீல் கோர்ட்டு, அளவுகோல் சரியில்லை என்று சொல்லி வழக்கைப் புறப்பட்ட இடத்துக்கே திருப்பி அனுப்பிற்று. 2023-இல் அங்கே மறுபடியும் அவரே ஜயித்தார். புகழ் பெற்றவர், பணச் செலவைத் தாங்கினார். ரெடிங் ஊர்ப் பையன் எத்தனை படி ஏறுவான்? கால்பந்துப் பந்தய ரெபரிகளின் வழக்கோ 2024 செப்டம்பரில் ஸுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. ஒரே ஒரு பந்தயத்துக்கு ஒப்புக்கொண்டாலும் பரஸ்பரக் கடமையும் மேற்பார்வையும் இருக்கக்கூடும் என்று இலாகாவின் பக்கம் சொல்லி, முடிவை மறுபடியும் கீழ் டிரிபியூனலுக்கே அனுப்பினார்கள்.

இனி, 'குடைக் கம்பெனி' என்று ஒன்று இருக்கிறது. அதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் கதவைச் சாத்திய பாங்குகளும் கம்பெனிகளும், "உரிமை வேண்டுமா? குடைக்கு அடியில் போய் நில்லும்" என்று அங்கேதான் கையைக் காட்டுகின்றன. குடைக் கம்பெனி ஒப்பந்தக்காரரைத் தன் சொந்தச் சிப்பந்தியாக எழுதிக்கொள்கிறது. காகிதத்தில் லீவும் உண்டு, நோய்க்கால ஊதியமும் உண்டு. ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? வேலை வாங்குகிறவர் நாளொன்றுக்கு 100 பவுன் கொடுத்தால், முதலாளி கட்ட வேண்டிய சந்தா முதலில் அதிலிருந்தே கழிகிறது. அந்தச் சந்தா விகிதம் 2025 ஏப்ரலில் நூற்றுக்கு 13.8-லிருந்து 15 ஆக உயர்ந்தது. பிறகு குடைக்காரரின் கட்டணம் கழிகிறது. பிறகு லீவுச் சம்பளத்துக்கென்று ஒரு பங்கை எடுத்து வைக்கிறார்கள். லீவில் போகும்போது அதே பங்கைத் திருப்பிக் கொடுத்து, "இதோ உமது லீவுச் சம்பளம்!" என்கிறார்கள். கேட்காமலிருந்தவருக்கு அதையும் கொடுக்காமல் விழுங்கிவிட்ட குடைக் கம்பெனிகள் உண்டு. சமையற்காரரின் சம்பளத்திலேயே பிடித்து வைத்து, தீபாவளிக்கு அவருக்கு வேஷ்டி எடுத்துக் கொடுப்பது போலத்தான். சில குடைகள் பிடித்த வரியைச் சர்க்காருக்கும் கட்டாமல் மறைந்தன. 2026 ஏப்ரல் முதல் அந்தப் பாக்கிக்கு ஏஜென்ஸிகளைப் பொறுப்பாக்கப்போவதாக 2024 அக்டோபர் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். வரி போகாமலிருப்பதற்கு வழி தேடினார்கள். லீவுப் பணத்தை விழுங்கியவர்களைப் பற்றி அந்த அறிவிப்பில் பேச்சில்லை.

இலாகாவின் நியாய புத்திக்கு இன்னொரு உதாரணம். தப்பு நிர்ணயம் என்று கண்டுபிடித்தால் வேலை வாங்கியவரிடம் முழு வரியையும் வசூலிப்பார்கள். அதே வருமானத்துக்கு ஒப்பந்தக்காரர் தம் கம்பெனி மூலமாக ஏற்கெனவே கட்டியிருந்த வரியைக் கழித்துக்கொள்ள வழியில்லாமலிருந்தது. 2024 ஏப்ரல் 6-ந் தேதி முதல்தான் கழித்துக்கொள்ளலாம் என்று திருத்தினார்கள். முதல் மாறுதலுக்கும் இந்தத் திருத்தத்துக்கும் இடையில் ஏழு வருஷம்.

2024-இல் பதவிக்கு வந்த தொழிற் கட்சி சர்க்கார், மூன்று வகுப்பை இரண்டாக்கி, சொந்தத் தொழில்காரர் தவிர மற்ற எல்லோருக்கும் ஒரே விதமான உரிமை தருவது பற்றிக் கலந்தாலோசிக்கப்போவதாகச் சொல்லிற்று. வரிச் சட்டத்தின் இரண்டு ஜாதியும் தொழிலாளர் சட்டத்தின் இரண்டு ஜாதியும் அப்போதாவது ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளுமா என்பதுதான் அதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

நமது சிநேகிதர் ஜாதகக் குறிப்பில் 'உத்தியோகம்' என்ற இடத்தில் கடைசியாக, "இங்கிலாந்தில் இருக்கிறான்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். கல்யாணம் 2022 ஆவணியில் சுபமாக நடந்தது. நாமும் போயிருந்தோம். கல்யாணச் சமையல் காண்டிராக்ட், பாயசம் அடிப்பிடிக்கவில்லை. மாப்பிள்ளை இரண்டு வாரம் தங்கினான். அந்த இரண்டு வாரத்துக்கும் ஊதியம் கிடையாது என்பதைப் பெண் வீட்டாருக்கு யாரும் சொல்லவில்லை.

2023 மார்ச்சில் அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரு வியாழக்கிழமை பிற்பகலில் மேனேஜர் அவனைக் கூப்பிட்டு, திட்டத்துக்குப் பணம் ஒதுக்கவில்லையென்றும், அடுத்த வெள்ளிக்கிழமையோடு ஒப்பந்தம் முடிவதாகவும் சொன்னாராம். நான்கு வருஷம் ஒரே மேஜை. பக்கத்து மேஜையில் அதே வேலையைச் செய்த சம்பளக்காரரையும் அன்றே ஆட்குறைப்பில் நிறுத்தினார்கள். அவருக்கு நோட்டீஸ் காலமும் நஷ்ட ஈடும் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். நமது பையனுக்குக் கடைசி வாரக் கூலி வந்தது. சம்பளக்காரருக்குப் பிடிப்பது போலவே அதில் வரியும் சந்தாவும் பிடித்திருந்தார்கள் என்று எழுதி, ரசீதையும் கடிதத்தோடு வைத்து அனுப்பியிருந்தான்.